தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து சதவீதம்

நான்கு நாட்களாக ஒரு கோட்டையின் சுவர்களை அடித்துக்கொண்டிருந்தேன். கையால் அல்ல, சங்கிலிச் சாட்டையால். சாட்டையும் என்னுடையதல்ல, திரையில் நிற்கும் கறுப்பு அங்கி போட்ட வேட்டைக்காரியுடையது. நான் பொத்தானை அழுத்தினால் அவள் சுவரை அடிப்பாள், ‘டங்’ என்னும். ஓரடி தள்ளி நிறுத்தி மறுபடி அடிக்கவிடுவேன், ‘டங்’ என்னும். பின்னால் ரகசிய அறை இருக்கிற சுவராக இருந்தால் ‘டொப்’பென்று உடையும். உடைந்தால் உள்ளே ஒரு தட்டில் வறுத்த இறைச்சி இருக்கும். முந்நூறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற கோட்டையின் சுவருக்குள் இருந்த இறைச்சியைத் தின்றால் இவளுக்கு உயிர் கூடும். நமக்கு என்றால் வயிறு போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் பற்றி ஒரு பிழைச் சீட்டு எழுதினேன். ‘இந்த மாதிரி கேம்ல அப்படித்தான்மா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த மாதிரி கேம்ல அப்படித்தான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. வௌவால் எதற்காக அலை மாதிரி ஏறி இறங்கிப் பறக்கிறது? இந்த மாதிரி கேம்ல அப்படித்தான். மெழுகுவர்த்தியை அடித்தால் அதற்குள்ளிருந்து ஏன் கோடாரி விழுகிறது? அப்படித்தான். இருபத்திரண்டு வயதுவரை நான் வீடியோ கேம் கண்ட்ரோலரைக் கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர், அம்மா தையல் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவர். பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் பார்க்கிற வேலை, யாரோ உருவாக்கிய கேமை நாள் முழுக்க விளையாடி எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்பார், “இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்ன?” என்று. தினமும் கேட்பார். தினமும் தானே சிரித்துக்கொள்வார்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் நான்கு கம்ப்யூட்டர்களின் சூடு. எங்கள் மேலாளரை நாங்கள் அவருக்குப் பின்னால் நெட்டையர் என்போம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வந்த நாள் கிடையாது. இடித்த கோபத்தை அன்று யார் முதலில் கண்ணில் படுகிறார்களோ அவர்கள் மேல் காட்டுவார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு டெஸ்டர், எனக்கு ஒரு மாதம் பின்னால் சேர்ந்தவன். அவனுக்குக் கடைசிக்கட்டம் என்று பெயர். எந்த கேம் பெயரைச் சொன்னாலும், “அதுல கடைசிக் கட்டம் வரைக்கும் ஏழு வயசுலயே போயிட்டேன்” என்பான். அவன் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கேம் பெட்டிக்கென்றே ஒரு அறை இருந்ததாம். எங்கள் வீட்டில் மாடிப்படியே இல்லை.

அந்த வாரம் என் கழுத்தில் கத்தி வைத்தது ஒரு எண். கோட்டையின் வரைபடத்துக்கு மேலே, எவ்வளவு பார்த்து முடித்தோம் என்று ஓரமாகக் காட்டும். அது தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்தில் வந்து நின்றுவிட்டது. ஓர் அறை பாக்கி. கேமை விற்கப்போகிற கம்பெனிக்கு, முதல் வாசலிலிருந்து நூறு சதவீதம்வரை விளையாடிய வீடியோவை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அதே வெள்ளிக்கிழமை என் ஆறு மாத ப்ரொபேஷனும் முடிகிறது, வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றுதான் தெரியும்.

அறை எங்கே என்பதில் குழப்பமே இல்லை. பிரார்த்தனைக் கூடத்துக்கு அடியில், சவப்பெட்டிகள் வரிசையாக வைத்த நீளமான நடை ஒன்று உண்டு. அதன் இந்த முனையில் ஒரு கல்லை மிதித்தால், அந்த முனையில் மேலே தூக்கி நிற்கிற இரும்புக் கம்பிக்கதவு கடகடவென்று இறங்கும். என்ன வேகத்தில் ஓடினாலும், போய்ச் சேரும்போது மூக்குக்கு முன்னால் மூடிக்கொள்ளும். அறை அதற்குப் பின்னால் இருக்கிறது. கேமுக்கு நிரல் எழுதுகிற அக்கா உள்ளே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கதவு மூடுறதுக்குத்தான் எழுதியிருக்கு. திறக்கிறதுக்கு ஒரு வரிகூட இல்ல. அந்த மனுஷன் எழுதினதை அவரைத் தவிர யாராலயும் படிக்க முடியாதுடி.”

அந்த மனுஷன் என்றால் கோட்டைக்காரர். கோட்டை முழுவதையும் வரைந்து கட்டியவர். நான் சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால் நெட்டையரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். எந்த ரகசியத்தையும் எழுதிவைக்கவில்லை. எழுதினால் அது ரகசியம் இல்லையாம். என்ன ஒரு கொள்கை! எழுதிவைக்காத புண்ணியவான் எங்கேயோ நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே சுவரை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

“வேற எங்கயாவது வழி வச்சிருப்பான். அடி, எல்லாச் சுவரையும் அடி” என்றார் நெட்டையர். இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள். அடித்தேன்.

புதன்கிழமை மதியம் கட்டைவிரல் வீங்கிவிட்டது. நிரல் அக்காவிடம் போய் நின்றேன்.

“அக்கா, அவரோட நம்பர் குடுங்க.”

“பேச மாட்டாரு. ஆபீஸ் நம்பரைப் பாத்தாலே கட் பண்ணுவாரு.”

“என் நம்பரைப் பாத்தா யாருன்னு தெரியாதில்ல?”

“நெட்டைக்குத் தெரிஞ்சா உன்னையும் என்னையும் சேத்து வெளுத்துடும். எங்கிட்ட வாங்கினேன்னு சொல்லாத” என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழைத்தேன். கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரு?”

“சார், உங்க பழைய ஆபீஸ்ல டெஸ்டர். நீங்க போனப்புறம்தான் சேந்தேன்.”

“வச்சிடறேன்.”

“வைங்க சார். அந்த அடித்தளக் கம்பிக்கதவை மட்டும் சொல்லிட்டு வைங்க. நாலு நாளா சுவரை அடிக்கிறேன். விரல் வீங்கிப்போச்சு.”

சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் நேரில் இருந்திருக்க வேண்டும்.

“சுவரை எதுக்கும்மா அடிக்கிற? கதவு மூடுறதுக்குள்ள போக வேண்டியதுதானே?”

“ஓடினா பத்தல சார்.”

“முன்னால ஓடினா பத்தாது. திரும்பி நின்னு பின்னால துள்ளு. துள்ளி முடிச்சதும் ஒரு நொடி அசையாம நிப்பா இல்ல? அந்த நொடியிலேயே குனி. நிக்கிறது அறுந்துடும். உடனே மறுபடி துள்ளு, மறுபடி குனி. தரையில எண்ணெய் கொட்டின மாதிரி பின்னாலயே வழுக்கிட்டுப் போவா. ஓடுறதைவிட ரெண்டு மடங்கு வேகம். கதவு பாதி இறங்கும்போதே உள்ள இருப்ப.”

அந்த வழுக்கல் எனக்குப் புதிதல்ல.

“ஹலோ? இருக்கியா?”

“இதை ஏன் சார் எங்கயும் எழுதிவைக்கல?”

“இதைப் போய் எழுதணுமா? இந்த மாதிரி கேம் விளையாடுற எல்லாருக்கும் தெரியும்மா.”

“எல்லாரும்னா யாரு சார்?”

“என்னது?”

“அந்த எல்லாரும் யாரு, எங்க இருக்காங்கன்னு கேக்குறேன். எங்க தெருவுல அப்படி யாரும் இல்ல.”

“நீ எதுக்கும்மா இப்ப எங்கிட்ட கோபப்படுற?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்காலிக்கு வந்து பிழைச் சீட்டுகளின் பட்டியலைத் திறந்தேன். நூற்று முப்பத்தொன்று. எழுதியவள் நான். சேர்ந்து பதினோராவது நாள்.

‘வேட்டைக்காரி பின்னால் துள்ளியதும் குனியும் பொத்தானை அழுத்தினால் அவள் நிற்காமல் பின்னோக்கியே போகிறாள். ஓடுவதைவிட வேகமாகப் போகிறாள். மனுஷி யாரும் இப்படிப் போக முடியாது. மிகப் பெரிய தப்பு. உடனே சரிசெய்யவும்.’

கண்ட்ரோலரைப் பிடிக்கத் தெரியாத நாட்கள் அவை. மேஜையில் படுக்கவைத்து, தட்டச்சு வகுப்பில் அடித்த மாதிரி எல்லா விரல்களாலும் அடிப்பேன். இரண்டு பொத்தான்களில் கை பட்டுப் பட்டுத்தான் அது கண்ணில் சிக்கியது. வீடியோவோடு சீட்டை அனுப்பினேன். நிரல் அக்கா ஒரே வரி எழுதினாள், துள்ளிய பிறகு அரை நொடிக்கு எந்தப் பொத்தானும் வேலை செய்யாது என்று. முடிந்தது. நெட்டையர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, “வந்து ரெண்டு வாரம் ஆகல, புள்ளைக்குக் கழுகுக் கண்ணு” என்றார். எனக்கு அன்று காலே தரையில் படவில்லை. வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்.

கோட்டைக்காரர் கட்டிய கடைசிக் கதவின் சாவியைக் குப்பையில் போட்டது நான்தான். போட்டுவிட்டுக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. ஒரு டெஸ்டர் தப்பே இல்லாத ஒன்றைத் தப்பு என்று எழுதலாம், பரவாயில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறைச்சிச் சீட்டு அப்படித்தான் திரும்பி வந்தது. ஆனால் அந்தச் சீட்டை நம்பி கேமை மாற்றிவிட்டார்கள், பிறகு அது தப்பில்லை என்று தெரிந்தது என்றால், எழுதியவள் ப்ரொபேஷனில் இருந்தால், நிரந்தரம் கிடையாது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பெண் அப்படித்தான் வெளியே போனாள். அவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் இன்னும் மேஜை ஓரத்தில் பாதி கிழிந்து இருக்கிறது.

முதலில் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். அக்கா வரி எழுதுவதற்கு முந்தைய பழைய பதிப்பைத் தேடி எடுத்தேன். நான் சேமித்துவைத்திருந்த ஆட்டத்தை அதில் ஏற்றி அடித்தளத்துக்குப் போனேன். கண்ட்ரோலரை மேஜையில் படுக்கவைத்தேன். கல்லை மிதித்துத் திரும்பி நின்று, துள்ளு, குனி, துள்ளு, குனி. வேட்டைக்காரி சவப்பெட்டிகளைத் தாண்டி முதுகுப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனாள். கம்பிக்கதவின் முனை அவள் தலைமுடியை உரசிக்கொண்டு தரையில் இறங்கியது. அவள் உள்ளே இருந்தாள்.

கோட்டை முழுக்க முழங்குகிற ஆர்கன் இசை நின்றது. தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்.

அது துணி துவைக்கிற அறை. சுவருக்குச் சுவர் கொடி கட்டி, கோட்டைப் பிரபுவின் கறுப்பு அங்கிகளும் ஆவிப் பெண்களின் வெள்ளை கவுன்களும் காய்ந்துகொண்டிருந்தன. மற்ற அறைகளில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து குத்துகிற எலும்புக்கூடுகள் இங்கே ஐந்து பேர், தலையில் துணி கட்டிக்கொண்டு அண்டாவைச் சுற்றி வேலை செய்தார்கள். யாரும் என்னை அடிக்க வரவில்லை. ஒருத்தி பக்கத்தில் போய் நின்றேன். திரையின் அடியில் வசன வரிகள் ஓடின.

‘ரத்தக் கறையை வெந்நீர்ல போடாதீங்க, பச்சைத் தண்ணியில ஊற வைங்கன்னு முந்நூறு வருஷமா சொல்றேன். மேல இருக்கிற யாருக்காவது ஏறுதா?’

அடுத்தவள், ‘வௌவாலா மாறித்தான் பறப்பாராம். மாறுறதுக்கு முன்னால அங்கியைக் கழட்டி வச்சா என்ன? இது இந்த வாரத்துல நாலாவது’ என்றாள்.

கடைசியில் தைத்துக்கொண்டிருந்த கூடு, வேட்டைக்காரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டது: ‘இந்தக் கோலத்துலயா இத்தனை அறையும் சுத்தி வந்த? கழட்டு அதை.’ ஒரு புது அங்கி கிடைத்தது. பொருளை அழுத்தினால் கீழே விளக்கம் வரும். மற்றப் பொருள்களுக்கெல்லாம் நெருப்பைத் தாங்கும், விஷத்தை முறிக்கும் என்று இருக்கும். இதில் இருந்தது இவ்வளவுதான்: ‘துவைத்த அங்கி. எந்தச் சக்தியும் இல்லை. சுத்தமாக இருக்கும்.’

நூறு சதவீதம் என்று காட்டியது.

சிரித்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு அறைகளில் நான் சிரித்த ஒரே அறை. சிரித்து முடிப்பதற்குள் நூற்று முப்பத்தொன்று ஞாபகம் வந்தது. சட்டென்று திரையை மூடினேன்.

மூன்று மணிக்கு நெட்டையர் நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நெற்றியைத் தடவிக்கொண்டே, “போதும், சுவர் அடிச்சது போதும்” என்றார். “வேணும்னே பண்ணியிருக்கான் அந்தக் கோட்டைக்காரன். போகும்போது என் கழுத்தை அறுத்துட்டுப் போகணும்னே முடியாத ஒரு அறையை வச்சிட்டுப் போயிருக்கான். அயோக்கியன். அந்த இடத்துல கல்லை வச்சு அடைச்சிடு. அறையைக் கணக்குலேந்து எடுத்துடு. தானா நூறு ஆயிடும்.”

“பத்து நிமிஷ வேலை” என்றாள் நிரல் அக்கா. “உள்ள ஏதோ துணியெல்லாம் தொங்குது. அதையும் அழிச்சிடவா?”

“எல்லாத்தையும் அழி. நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ நல்லா உழைச்ச. வெள்ளிக்கிழமை உன் லெட்டர் ரெடியா இருக்கும்.”

அவ்வளவுதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தொள்ளாயிரம் சீட்டுகளில் நூற்று முப்பத்தொன்றை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டுக்குப் போனேன். அப்பா தோளுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்ன?”

“அஞ்சு பேரு. நாளைக்குக் காலையில சாவாங்க.”

“அது என்ன, நாள் குறிச்சு?” என்றார்.

சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியும் பிடிக்கவில்லை.

“நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்புறம் என்ன?”

“அப்பா, அந்த ஆளை அயோக்கியன்னு திட்டுறாங்க.”

“நீயும்தானே நாலு நாளா திட்டிட்டு இருந்த. வீட்ல உக்காந்து.”

அம்மா குறுக்கே வந்தாள். “லெட்டரை முதல்ல கையில வாங்கு. அப்புறம் போய்ச் சொல்லு உன் நியாயத்தை எல்லாம்.”

“அதுக்குள்ள அறையை அழிச்சிடுவாங்கம்மா.”

“பொம்மை அறைதானே.”

“நீ தைக்கிற பொத்தானும் பொத்தான்தானே. ஒண்ணு விட்டுப்போனா ஏன் பிரிச்சு மறுபடி தைக்கிற?”

“சூப்பர்வைசர் கண்டுபிடிச்சிடுவான்” என்றாள் அம்மா. “கண்டுபிடிக்க மாட்டான்னா நான் ஏன் பிரிக்கிறேன்?”

இந்த வீட்டில் யாரும் எனக்குத் தெளிவு தரப்போவதில்லை என்று புரிந்தது. போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கு நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு இருந்தது எரிச்சல். எனக்குத் தெரியாது என்பதால் அது தப்பு என்று எழுதினேன். நான் எழுதியதால் அது தப்பே ஆகிவிட்டது. ஆறு மாதமாக இவர்கள் எல்லாரும் எனக்குச் செய்ததை நான் ஒரு கேமுக்குச் செய்திருக்கிறேன். அதற்குக் கூலியாக ஒரு நிரந்தரக் கடிதம்.

வியாழக்கிழமை காலையில் எட்டரைக்கே போய்விட்டேன். நிரல் அக்கா அப்போதுதான் பையை வைத்தாள். கடைசிக்கட்டம் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தான். நெட்டையர் உள்ளே வரும்வரை காத்திருந்தேன். அன்று அவருக்கு இடிக்கவில்லை. சகுனம் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

“சார், அறையை அழிக்காதீங்க. உள்ள போறதுக்கு வழி இருக்கு. அதை மூடினது நான்.”

பழைய பதிப்பைப் போட்டுக் காட்டினேன். துள்ளு, குனி, துள்ளு, குனி. கம்பிக்கதவு. துணிகள். நூறு. எலும்புக்கூட்டின் வெந்நீர் வசனத்துக்கு நிரல் அக்கா ‘க்ளுக்’கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் வாயைத் திறந்தது கடைசிக்கட்டம். “அய்ய, பின்துள்ளலா? இது இந்த மாதிரி கேம் எல்லாத்துலயும் இருக்குமே! இதைப் போயா தப்புன்னு எழுதின?”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? ஏழு வயசுலேந்து பண்றேன். இங்க சேந்த முதல் நாளே இதுலயும் பண்ணிப் பாத்தேன். வரல. சரி, இதுல வைக்கல போலன்னு விட்டுட்டேன்.”

“அதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையே.”

“என்னன்னு கேப்பேன்? எனக்குத் தெரியாதது என்னென்னன்னு ஒரு லிஸ்ட் குடுன்னு கேக்கணுமா? நாலு நாளா உன் பக்கத்துல உக்காந்து விரல் வீங்க அடிச்சேன். பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருந்த!”

“கத்தாத” என்றார் நெட்டையர்.

“கத்தினாத்தான் சார் இங்க காதுல விழுது.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் நான் நிற்கிற உயரம் இருந்தார். “அந்த வரியை எடுக்க எவ்வளவு நேரம்?” என்று அக்காவைக் கேட்டார்.

“எடுக்க ஒரு நிமிஷம். ஆனா எடுத்தா, அந்த வேகத்துல வேற எங்கயாவது சுவருக்குள்ள சிக்குறாளா, தரையைத் தாண்டி விழறாளான்னு இருநூத்திப் பன்னெண்டு அறையையும் மறுபடி பாக்கணும்.”

“எப்ப பாக்குறது? நாளைக்கு வீடியோ போகணும்!”

“அழிச்சிட்டா பாக்க வேணாம் சார்” என்றாள் அக்கா. வேண்டுமென்று சொன்னாளோ, சும்மா சொன்னாளோ.

நெட்டையர் திரையைப் பார்த்தார். அதில் வேட்டைக்காரி சுத்தமான அங்கியோடு கொடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தைக்கிற கூடு ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதற்குக் கண்ணே கிடையாது. நெட்டையரின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் அது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

“இந்தப் படுபாவி இதை எங்கிட்ட காட்டவே இல்லையே” என்றார். “வரியை எடு. மூணு பேரும் ஆளுக்கு எழுபது அறை. உன் சீட்டை நீயே திறந்து ‘தப்பில்லை, என் பிழை’ன்னு மாத்து. உன் பேர்லயே. விதி தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

மாற்றினேன். அந்தப் பொத்தானை அழுத்தும்போது விரல் வலித்தது, வீக்கம்.

இரண்டு நாளும் பின்னாலேயே துள்ளினேன். கல்பூதங்கள் நிற்கிற மாடத்தில் துள்ளினேன், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு அடியில் துள்ளினேன், மணிக்கூண்டில் ஏணி முழுக்கத் துள்ளினேன். எழுபது அறைகளில் மூன்று இடத்தில் அவள் தரையைத் தாண்டி விழுந்தாள். அவை உண்மையான தப்புகள். கடைசிக்கட்டத்திடம் காட்டி, “இதுவும் இந்த மாதிரி கேம்ல அப்படித்தானா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். மூன்றாவது முறை அவனே நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, அந்த மாதிரி கேம்களில் யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிற பதினான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து. பதினான்கில் ஒன்பதை நானே முட்டி மோதிக் கண்டுபிடித்திருந்தேன்.

நூறு சதவீத வீடியோவுக்கு விளையாடியதும் அவன்தான். எனக்குத் துள்ளல் வரும், சண்டை அவ்வளவு வராது. அவன் கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தோளைச் சொறிந்துவிடுகிற சுகத்தில் இருக்கிறவன் மாதிரி விளையாடினான். கம்பிக்கதவை ஒரே தடவையில் தாண்டினான். வீடியோ நான்கரை மணிக்குப் போனது.

ஐந்து மணிக்கு நெட்டையர் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள்.

“விதிப்படி உன்னை அனுப்பணும்” என்றார். “ஆனா கேம் வெளிய போற நேரத்துல ஆளை அனுப்பிட்டு நான் எங்க போறது? மூணு மாசம் ப்ரொபேஷனை நீட்டியிருக்கேன். கையெழுத்துப் போடு.”

படித்தேன். ‘பணியில் கவனக்குறைவு காரணமாக’ என்று இருந்தது.

“போட மாட்டேன் சார்.”

“என்னது?”

“கவனக்குறைவு இல்ல சார். கவனமா இருந்ததாலதான் அது கண்ணுல பட்டுச்சு. எனக்குத் தெரியாது, அதனால தப்புன்னு எழுதினேன். யாரும் எழுதி வைக்கல, யாரும் சொல்லல. அதை எழுதுங்க.”

“உன்னை வீட்டுக்கு அனுப்பாம விட்டதே பெருசு. இதுல வார்த்தை வேற பாப்பியா?”

“பாப்பேன் சார். நாளைக்கு வேற எங்கயாவது வேலைக்குப் போனா இந்தத் தாளைத்தான கேப்பாங்க. எங்க வீட்ல இந்த மாதிரி தாளை இதுக்கு முன்னால யாரும் வாங்கினதில்ல. ஒண்ணு வர்றதாவது சரியா வரட்டும்.”

“உனக்குத் திமிருடி” என்றார்.

“அதை வேணா எழுதுங்க. அது உண்மை.”

கீபோர்டை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுதிக்க, போ.”

நின்றுகொண்டே அடித்தேன். ‘விளையாட்டில் மறைத்துவைக்கப்பட்ட நுட்பம் ஒன்று அவருக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கப்படாததால், ஊழியர் அதைப் பிழை என்று பதிவு செய்தார். பிறகு தானே கண்டறிந்து தெரிவித்தார்.’

அவர் திரையைத் திருப்பிப் படித்தார். ‘எழுத்து மூலமாகத் தெரிவிக்கப்படாததால்’ என்பதை மட்டும் அழித்தார்.

கீபோர்டை இழுத்து மறுபடி அடித்தேன்.

அழித்தார். “என்னைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு.”

“இருக்கு சார்” என்று மறுபடி அடித்தேன்.

கீழே டயர் கடையில் ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிரல் அக்காவும் கடைசிக்கட்டமும் பையை மாட்டிக்கொண்டு, போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். விரல் அழிக்கிற பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் என் விரல்களைக் கீபோர்டின் மேல் தயாராக வைத்துக்கொண்டேன்.

“எத்தனை தடவை அடிப்ப?” என்று கேட்டார்.

“சுவரையே நாலு நாள் அடிச்சவ சார்.”

பெருமூச்சு விட்டார். கையை எடுத்து, பிரிண்டர் பொத்தானை அழுத்தினார்.